உப்பளத்து மாயோள்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகிறவர்கள், மரக்காணத்தில் கண் கூசும்படி வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் உப்பு அம்பாரங்களைப் பார்த்திருப்பார்கள். சிறுபாணாற்றுப்படையில் வருகிற எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய முடிவு. அதைப் பாடிய நத்தத்தனாரும் பக்கத்து இடைக்கழிநாட்டுக்காரர்தாம். உப்பு விற்கும் உமணர்களின் வண்டியோடு வந்த ஒரு மந்தி, அவர்களுடைய குழந்தைகளோடு கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுவதை அவர் பாடியிருக்கிறார். உப்பு வண்டியைக்கூட இவ்வளவு வாஞ்சையோடு பார்த்த கவிஞர்கள் நம்மவர்கள்.

உப்பு விளைவதற்குச் சித்திரை வெயில் வேண்டும். பாத்தியில் நீர் சுண்டி உப்புப் பூத்ததும் பலகையால் வாரி வரப்பில் ஒதுக்குவார்கள். அதைக் கூடையில் அள்ளித் தலைச்சுமையாக மேட்டுக்குக் கொண்டுபோவதில் பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு. வெயில் மேலேயிருந்து ஒரு தரம் சுடும். உப்பில் பட்டுத் திரும்பிக் கீழேயிருந்து இன்னொரு தரம் சுடும்.

அப்படிச் சுமந்துகொண்டிருந்த ஓர் அம்மாளிடம் ஒருமுறை பேச்சுக் கொடுத்தேன். மகள் வீட்டில் இருக்கிறாள் என்றார். "அளத்துக்கு அனுப்பலீங்க. கறுத்துப் பூடும். அப்புறம் எவன் வந்து கேப்பான்?" என்றார். காலில் உப்பு அரித்த வெடிப்புகளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மகள் விஷயத்தில் அவரைப் பயமுறுத்தியது நிறம் ஒன்றுதான்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? தமிழ்க் கவிதையிலிருந்து வரவில்லை என்று மட்டும் நிச்சயமாகச் சொல்வேன். சங்கப் பாட்டில் தலைவியை 'மாயோள்' என்பார்கள். கருநிறத்தவள் என்று பொருள். அவளுடைய மேனி நிறத்துக்கு 'மாமை' என்று பெயர். மாந்தளிர் போன்றது, நார் உரித்த ஆம்பல் தண்டு போன்றது என்றெல்லாம் அதற்கு உவமை. அது கறுப்பா, கருஞ்சிவப்பா என்று புலவர்கள் வாதாடட்டும். வெள்ளை அல்ல என்பதில் சண்டை இல்லை. காதலன் பிரிந்து போனால் அந்த மாமை போய்விடுகிறது. உடம்பு வெளுத்துப் பீர்க்கம்பூப் போல் மஞ்சள் பாய்கிறது. அதற்குப் பசலை என்று பெயர். அது ஒரு நோய். திருவள்ளுவர் அந்த நோய்க்காகவே 'பசப்புறு பருவரல்' என்று ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். பழந்தமிழ்ப் பெண் வெளுத்துப் போனதற்காக அழுதாள். இன்றைய பெண் வெளுப்பதற்காகக் காசு கொடுக்கிறாள். 1975-ல் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு 2020-ல் பெயரை மாற்றிக்கொண்டது. பெயரைத்தான்.

செஞ்சி, திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மனுக்குப் பாரதக் கூத்தும் தீமிதியும் நடக்கின்றன. அந்தத் திரௌபதிக்குக் கிருஷ்ணை என்று இன்னொரு பெயர் உண்டு. கறுப்பி என்றே அர்த்தம். அவளை மணக்கத்தான் தேசத்து ராஜாக்களெல்லாம் வில்லை வளைக்க வந்தார்கள்.

சினிமாவுக்கு வருவோம். கறுப்புப் பெண்ணின் துயரத்தையே கதையாக வைத்துத் தமிழில் வந்த படம், 1963-ல் ஏவி.எம். குடும்பத்தார் எடுத்த 'நானும் ஒரு பெண்'. ஏ. சி. திருலோகசந்தர் டைரக்ட் செய்தார். நிறத்துக்காகப் புகுந்த வீட்டில் இழிவு படும் மருமகளாக விஜயகுமாரி நடித்தார். தானும் கறுப்பான கண்ணனிடம் அவள் முறையிடும் பாட்டைப் பி. சுசீலா பாடினார்; இன்றைக்குக் கேட்டாலும் மனசு இளகிவிடும். படம் தேசிய விருது பெற்றது. நல்ல நோக்கத்தோடு எடுத்த நல்ல படம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் விஜயகுமாரிக்குக் கறுப்புச் சாயம் பூசித்தான் அதை எடுத்தார்கள். கறுப்புப் பெண்ணுக்காகக் கண்ணீர் விடத் தயாராக இருந்தோம். அவளையே திரையில் நிறுத்தத்தான் தயாராக இல்லை.

இந்தச் சாய வித்தை நமக்கு மட்டும் உரியதல்ல. லீனா ஹார்ன் என்ற கறுப்பினப் பாடகிக்காக ஹாலிவுட்டில் 'லைட் ஈஜிப்ஷியன்' என்று ஒரு மேக்கப் தயாரித்தார்கள். பிறகு அதே பூச்சை வெள்ளை நடிகைகளுக்குப் பூசி, லீனா நடித்திருக்கக்கூடிய வேஷங்களை அவர்களுக்குக் கொடுத்தார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். 'ஷோ போட்' கதையில் வரும் கலப்பினப் பெண் ஜூலியாக 1946-ல் வேறொரு படத்தின் ஒரு சிறு பகுதியில் அவர் தோன்றியிருந்தார். 1951-ல் அந்தக் கதையையே முழுப் படமாக எடுத்தபோது வேஷம் ஏவா கார்ட்னருக்குப் போயிற்று. அதற்கு முன்பே, 1940-ல், பணிப்பெண் வேஷத்துக்காக ஆஸ்கார் பரிசு பெற்ற ஹாட்டி மக்டானியலை, விருந்து மண்டபத்தில் சக நடிகர்களோடு உட்கார வைக்காமல் தனி மேஜையில் உட்கார வைத்தார்கள்.

நம்மிடம் விதிவிலக்கே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். 'தண்ணீர் தண்ணீர்' சரிதாவையும் 'வீடு' அர்ச்சனாவையும் யார் மறக்க முடியும்? அர்ச்சனா அதற்குத் தேசிய விருதே வாங்கினார். ஆனால் அதே சரிதாவின் குரல்தான் பின்னால் எத்தனையோ சிவந்த கதாநாயகிகளின் வாயிலிருந்து வந்தது. குரல் வேண்டியிருந்தது, முகம் வேண்டியிருக்கவில்லை.

2007-ல் அதே ஏவி.எம். 'சிவாஜி' படத்தை வெளியிட்டது. ரஜினிகாந்த் கறுப்பு என்பது அவருக்கு ஒரு பெருமை. அந்தப் படத்தில் அதையே வேடிக்கையாக்கி, ஒரு பாட்டில் கம்ப்யூட்டர் உதவியால் அவரை ஐரோப்பியராகவே மாற்றிக் காட்டினார்கள். ஆண் கறுப்பாக இருந்தால் ஸ்டைல். பெண்? கதாநாயகியின் பக்கத்து வீட்டில் இரண்டு பெண்கள். முகத்தில் கரி அப்பினாற்போல் மேக்கப். தகப்பனார் அவர்களோடு பழக வரும்படி கூப்பிடுகிறார், கதாநாயகன் மிரளுகிறான், கொட்டகை சிரிக்கிறது. நான் பார்த்த கொட்டகையிலும் சிரித்தார்கள். எனக்கு முன் வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை. அவர்களுடைய நிறத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கதாபாத்திரங்களுக்கு வைத்த பெயர்கள் அங்கவை, சங்கவை! படத்துக்கு வசனம் சுஜாதா. புறநானூற்றுக்கு எளிய அறிமுகம் எழுதியவர் அவர். ஆகவே, தெரியாமல் விழுந்த பெயர்கள் என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை.

அங்கவை, சங்கவை என்பவை பாரியின் மகளிருக்குப் பிற்காலத்தார் சொல்லும் பெயர்கள். மூவேந்தரால் தகப்பனை இழந்த பிறகு அந்தப் பெண்கள் பாடிய பாட்டு ஒன்று புறநானூற்றில் இருக்கிறது. கபிலர் அவர்களை அழைத்துக்கொண்டு வரன் தேடி அலைந்தார், சிற்றரசர்கள் மறுத்தார்கள். கடைசியில் பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்று திருக்கோவலூர்க் கோயில் கல்வெட்டு சொல்கிறது. மரக்காணத்தைப் போல அந்த ஊரும் பழைய தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்ததுதான்.

பறம்பு மலையில் செல்வமாக இருந்த நாளில், மலைமேல் ஏறி நின்று, போருக்கு வந்த வேந்தர்களின் குதிரைகளை எண்ணி விளையாடியவர்கள் அவர்கள். எல்லாம் போன பிறகு ஒரு குப்பைமேட்டின்மேல் ஏறி, சாலையில் போகும் உமணர்களின் உப்பு வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து மனம் பொறுக்காமல் கபிலர் பாடிய பாட்டில் அவர்களுடைய குளிர்ந்த கண்ணும் இனிய சிரிப்பும் வருகின்றன. நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.