பிரிவினையிலிருந்து பங்குரிமைக்கு: திராவிட நாட்டுக் கோரிக்கையின் பொருளாதார வாதம்

திராவிட நாட்டுக் கோரிக்கையை மொழி, இனம் ஆகியவற்றின் வழியே அணுகுவதே ஆய்வுலகில் பெருவழக்கு. ஆயினும், 1949இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகம் அக்கோரிக்கையைப் பதினான்கு ஆண்டுகள் மேடைதோறும் முழங்கியதையும், பின்னர் 1963இல் அதைக் கைவிட்டும் செல்வாக்கு இழக்காமல் வளர்ந்ததையும் விளக்க வேண்டுமானால், அதன் பொருளாதார வாதத்தைத் தனியே எடுத்து நோக்க வேண்டியிருக்கிறது.

1940 ஆகஸ்டில் திருவாரூரில் கூடிய நீதிக்கட்சி மாநாடு தனிநாடு கோரித் தீர்மானம் நிறைவேற்றியபோது, இந்தித் திணிப்பும் பார்ப்பனர் ஆதிக்கமும் முன்னின்றன. வடநாட்டு வணிகர்களின் சுரண்டல் உடன்வந்த குற்றச்சாட்டாகவே இருந்தது. அதை முதன்மை வாதமாக வளர்த்தெடுத்ததில், பின்னர் திராவிட முன்னேற்றக் கழகத்தை நிறுவிய அண்ணாதுரையின் 'பணத்தோட்டம்' நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. விடுதலைக்குப் பின் வாதத்தின் இலக்கு மாறியது. குறிப்பிட்ட தொழில்களைத் தொடங்குவதற்கு மத்திய அரசின் உரிமம் பெற வேண்டும் என்ற 1951ஆம் ஆண்டுச் சட்டமும், ஐந்தாண்டுத் திட்டங்களும் நடப்புக்கு வந்தபின், குற்றம் சாட்டப்பட்டது வணிகர் மட்டுமல்லர், தில்லியும்தான். இரண்டாம் திட்டக்காலத்தில் பொதுத்துறை எஃகு ஆலைகள் பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர் ஆகிய இடங்களில் அமைந்தது 'வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது' என்ற முழக்கத்துக்குக் கைமேல் கிடைத்த சான்றாயிற்று.

இவ்வாதம் எளிய மக்களிடம் சென்றது புள்ளிவிவரங்களால் அன்று. திருச்சி மாவட்டத்துக் கள்ளக்குடியில் சிமெண்ட் ஆலை நிறுவிய வடநாட்டுத் தொழிலதிபரின் பெயரால் அவ்வூர் ரயில் நிலையம் 'டால்மியாபுரம்' என வழங்கியதை எதிர்த்து, 1953 ஜூலையில் கழகத்தின் மு. கருணாநிதி தலைமையில் சென்ற தொண்டர்கள் பெயர்ப்பலகையின்மேல் 'கள்ளக்குடி' என்று எழுதிய தாளை ஒட்டித் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தனர். முதலீடு, உரிமம், ஒதுக்கீடு என்ற கண்ணுக்குத் தெரியாத விவகாரங்கள் அனைத்தும் அந்தப் பலகையில் திரண்டு நின்றன.

வாதத்தில் ஓட்டைகளும் இருந்தன. எஃகை நாடெங்கும் ஒரே விலையில் கிடைக்கச் செய்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை, தாதுவளம் மிக்க கிழக்கு மாநிலங்களின் நலனைக் குறைத்துத் தென்னாட்டு ஆலைகளுக்கே சாதகமாய் இருந்தது. 1955இல் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியதும், 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் அமைந்ததும் மாநிலத்தை ஆண்ட காங்கிரஸ் முதல்வர் காமராஜரின் ஆட்சியினர் சுட்டிக்காட்டத்தக்க பதில்களாயின. எனினும் இவற்றைவிடப் பெரிய அடி அரசியலிலிருந்து வந்தது: 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபின், தெலுங்கரும் கன்னடரும் மலையாளிகளும் கேட்காத ஒரு நாட்டை அவர்களுக்கும் சேர்த்துத் தமிழர் மட்டுமே கேட்கும் நிலை உண்டாயிற்று. 1961இல் கழகத்தை விட்டு விலகிய அதன் முன்னணித் தலைவர் ஈ.வெ.கி. சம்பத் இக்கோரிக்கையின் நடைமுறைச் சாத்தியத்தையே கேள்விக்குள்ளாக்கினார்.

1962 தேர்தலில் 50 சட்டமன்ற இடங்களை வென்ற கழகத்தின் சார்பில், அவ்வாண்டு மே மாதம் மாநிலங்களவையில் அண்ணாதுரை பிரிவினைக்காக வாதாடினார். அக்டோபரில் சீனப் போர் மூண்டதும் அப்பிரசாரம் நிறுத்தப்பட்டது. வேட்பாளர்கள் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்ற பதினாறாம் அரசியலமைப்புத் திருத்தம் 1963இல் நிறைவேறவே, கட்சி கோரிக்கையை முறைப்படி விலக்கிக்கொண்டது. கோரிக்கைக்கான காரணங்கள் அப்படியே இருப்பதாக அண்ணாதுரை அப்போது கூறியதை வெறும் சமாதானமாகக் கொள்வதற்கில்லை. 'தரவில்லை' என்ற குறைக்குள் தர வேண்டியவர் ஒருவர் இருக்கிறார் என்ற ஏற்பு முன்பே அடங்கியிருந்தது. ஆகவே, பிரிந்து போவதற்குச் சொன்ன காரணங்களையே சேர்ந்திருந்து பங்கு கேட்பதற்கும் சொல்ல முடிந்தது. இனவாதத்துக்கு இந்த நெகிழ்வு கிடையாது.

1967இல் ஆட்சிக்கு வந்த கழகம், சேலம் எஃகு ஆலையும் தூத்துக்குடித் துறைமுகமும் கோரி 'எழுச்சி நாள்' கொண்டாடியது. 1969இல் அமைக்கப்பட்ட இராஜமன்னார் குழு, நிதிப் பகிர்வையும் அதிகாரப் பகிர்வையும் ஆராய்ந்து 1971இல் அறிக்கை தந்தது. சேலத்தை அடுத்த கஞ்சமலையின் இரும்புத் தாதுவை நம்பி நெடுங்காலம் கேட்கப்பட்ட சேலம் ஆலைக்கு 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1981இல் உற்பத்தி தொடங்கியபோது அது வெளியிலிருந்து வந்த துருப்பிடிக்காத எஃகைத் தகடாக உருட்டும் ஆலையாக இருந்ததே தவிர, கஞ்சமலைத் தாதுவை உருக்கும் உலை அங்கு இல்லை.