நிறமூர்த்த ஒப்பீடு: பழ ஈயும் மன்னார்க் கரை நுளம்பும்

நெருங்கிய உறவுடைய உயிரினங்களின் நிறமூர்த்தங்களை அருகருகே வைத்து, அவற்றிலுள்ள பட்டைகள் எவ்வொழுங்கில் அமைந்துள்ளன, எப்பகுதி தலைகீழாகத் திரும்பியுள்ளது என்று ஆராய்வது நிறமூர்த்த ஒப்பீடு எனப்படும். பழ ஈயில் வளர்ந்து முதிர்ந்த இம்முறை பிற்காலத்தில் பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் மலேரியா நுளம்புகளைப் பிரித்தறியும் கருவியாயிற்று. மன்னார்த் தீவுக்கும் முசலி முதலிய அயற்கரைகளுக்கும் அது பொருளுடையதாவது இவ்வழியாலேயே.

1881ஆம் ஆண்டு பால்பியானி என்னும் பிரெஞ்சு அறிஞர் கைரோனோமஸ் என்னும் சிறு பூச்சியின் குடம்பியில், உமிழ்நீர்ச் சுரப்பிக் கலங்களுக்குள்ளே, குறுக்குப் பட்டைகளுடைய தடித்த நாடாக்களைக் கண்டார். அவை இராட்சத நிறமூர்த்தங்களே என்பது 1933இல்தான் நிலைபெற்றது. அவ்வாண்டில் டெக்சாசில் பெயின்டர் பழ ஈயிலும், ஜெர்மனியில் ஹைட்ஸ், பவுவர் இருவரும் வேறோர் ஈயிலும் அதனைக் காட்டினர். பெருமையை இருசாராருக்கும் பகிர்ந்தளிப்பதே முறையாகும். அதற்கும் முன்னர், 1921இலேயே, ஸ்டர்டிவன்ட் இனவிருத்திப் பரிசோதனைகளால் மரபணுக்களின் வரிசையைக் கணித்து, மெலனோகாஸ்டர், சிமுலன்ஸ் ஆகிய இரு பழ ஈ இனங்களின் மூன்றாம் நிறமூர்த்தத்தில் ஒரு பெரும்பகுதி ஒன்றற்கொன்று தலைகீழாக இருத்தல் வேண்டும் என்று உரைத்தார். நிறமூர்த்தத்தைக் கண்ணாற் காணாமலே செய்யப்பட்ட அவ்வனுமானம் பின்னர் நுணுக்குக்காட்டியின்கீழ் மெய்யாயிற்று. 1938இல் அவரும் டொப்ஷான்ஸ்கியும் இத்தகைய திருப்பங்களைக் கொண்டே ஈக்களின் வமிசாவளியை வகுத்தனர். இந்தியாவில் மைசூர்ப் பல்கலைக்கழகம் நசூட்டா என்னும் பழ ஈக் குழுவை ஆராய்ந்தது. நசூட்டாவுக்கு எட்டு நிறமூர்த்தங்கள், அதன் நெருங்கிய உறவான அல்போமிக்கன்ஸுக்கு ஆறு.

நுளம்பிலே இம்முறையைக் கையாண்ட முன்னோடி 1947இல் எழுதிய இத்தாலியரான ஃப்ரிட்சி ஆவார்.

இலங்கையின் முதன்மையான மலேரியா நோய்காவியான அனோபிலிஸ் குலிசிபேசிஸ் 1901இல் கைல்ஸ் என்பவரால் பெயரிடப்பட்டது. 1934-35ஆம் ஆண்டு மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். டி.டி.டி. என்னும் பூச்சிகொல்லித் தெளிப்பினால் 1963இல் நோயாளர் தொகை பதினேழாகக் குறைந்தது. 1968-69இல் நோய் மீண்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றியது.

ஒரே நுளம்பு என்று கருதப்பட்ட குலிசிபேசிஸினுள்ளே வெவ்வேறு இனங்கள் மறைந்துள்ளன என்பதை 1980இல் கிரீன், மைல்ஸ் இருவரும் வெளியிட்டனர். புறத்தோற்றத்தால் வேறுபடாத அவ்வினங்கள் எக்ஸ் நிறமூர்த்தத்தின் திருப்பங்களால் வேறுபட்டன. அவை ‘ஏ’ என்றும் ‘பி’ என்றும் குறிக்கப்பட்டன. தில்லி மலேரியா ஆராய்ச்சி நிலையத்துச் சரளா சுப்பாராவும் அவர்தம் உடனாய்வாளரும் 1983இல் ‘சி’ இனத்தை வேறுபடுத்தினர். பின்னர் ‘டி’ இனமும் சேர்க்கப்பட்டது. இவ்வாய்வுக்கு இரத்தம் பருகி, முட்டை பாதி முதிர்ந்த பெண் நுளம்பே வேண்டும். அதன் சூலகத்தை எடுத்து, அசற்றிக்கமிலமும் மெதனோலும் கலந்த கரைசலிலிட்டு நிலைப்படுத்தி, ஓர்சீன் சாயமூட்டி, மூடுகண்ணாடியின்கீழ் விரலால் அழுத்தி நசுக்குவர். அழுத்தம் மிகினும் குறையினும் பட்டைகள் புலப்படா. ஆதலின் கைப்பழக்கமே இங்குப் பெரிது.

1996இல் வெளிவந்த இலங்கை ஆய்வு இங்கே ‘பி’ இனம் மட்டுமே காணப்பட்டதாகக் கூறியது. ஆனால் இந்தியாவில் ‘பி’ மலேரியாவைப் பரப்புவதில் மிக வலுக்குறைந்தது என்று அறியப்பட்டிருந்தது. தீங்கற்றதெனக் கருதப்பட்ட இனமே இலங்கையின் கொடிய நோய்காவியாதல் எங்ஙனம் என்பது ஆய்வாளரை வருத்திய வினாவாயிற்று.

அதற்குரிய விடை மன்னாருக்கு எதிர்க்கரையிலுள்ள இராமேசுவரம் தீவிலிருந்து வந்தது. அங்கு ‘பி’ எனத் தோன்றிய நுளம்புகள் நோயைப் பரப்பிக்கொண்டிருந்தன. அவற்றின் இராட்சத நிறமூர்த்தங்களில் வேறுபாடு தென்படாமையால், ஆய்வாளர் ஆண்களுக்கே உரிய வை நிறமூர்த்தத்தை நாடினர். நோய்க்கிருமி தாங்குவதோ பெண் நுளம்பு. பெண்ணுக்கோ வை இல்லை. ஆகவே கிருமி தாங்கிய தாயரின் மக்களுள் ஆண்களின் வை வடிவம் ஆராயப்பட்டது. அது சமமற்ற இரு புயங்கள் உடையதாக இருந்தது. தாயின் தன்மையை மகனிடத்தே தேடிய இச்சூழ்ச்சி இத்துறையின் வரலாற்றில் அழகிய செயல்களுள் ஒன்றாகும். இந்நுளம்பு 1999இல் ‘இ’ இனம் எனப் பெயர் பெற்றது. மறு ஆண்டில் சின்னத்தம்பி நோபிள் சுரேந்திரனும் உடனாய்வாளரும் இலங்கையில் ‘பி’, ‘இ’ ஆகிய இரண்டும் உள்ளன என்றும், நோயைப் பரப்பும் ஆற்றலில் அவை வேறுபடுகின்றன என்றும் அறிவித்தனர்.

எனினும், இந்திய ‘பி’ நுளம்புகளிலும் இரு வடிவ வை நிறமூர்த்தங்கள் காணப்படுதலின், வடிவம் ஒன்றையே இனத்தின் அடையாளமாகக் கொள்ளலாமா என்னும் ஐயம் முற்றும் நீங்கவில்லை. உவர்நீரில் வளரும் அனோபிலிஸ் சப்பிக்டஸ் என்னும் நுளம்பின் ‘பி’ வகை பற்றியும் இதுபோன்ற வழக்கு உண்டு. புறத்தோற்றத்தால் அவ்வாறு வகுக்கப்பட்டவற்றுட் பல மரபணு வரிசையால் சுண்டைக்கஸ் என்னும் இனத்தையே சார்ந்தவை என்பர்.

அரிப்புக்கு அண்மையில் அருவியாறு கடலோடு சேரும் முசலிப் பகுதி, சிலாவத்துறை, அகத்திமுறிப்புக் குளம் ஆகியவற்றையும் உட்கொண்ட வறண்ட நிலமாகும். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து ஆறு வற்றுங்கால் மணற்படுகையில் எஞ்சும் தெளிந்த குட்டைகளே குலிசிபேசிஸ் விரும்பும் இடம்; கரையோரத்து உவர்க்குட்டைகள் சப்பிக்டஸுக்கு ஏற்றவை. ஆயினும் 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரினாலும், 1990இல் வடக்கின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டமையாலும், இக்கரை ஆய்வாளருக்கு எளிதில் எட்டாததாயிற்று.

இலங்கையில் உள்நாட்டுக்கே உரிய மலேரியா இறுதியாக 2012 ஒக்டோபரில் பதிவாயிற்று; 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதென அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் இந்திய நகரங்களின் நோய்காவியான அனோபிலிஸ் ஸ்டீபன்சி மன்னார்த் தீவில் கண்டறியப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. இதன் முழு மரபணுத் தொகுதி 2014இல் வெளியாயிற்று. எக்ஸ் நிறமூர்த்தம் ஏனையவற்றைவிட விரைவாக அமைப்பு மாறுவதை அது காட்டியது. இந்நுளம்பு கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் முட்டையிடுவதாதலின், மன்னார்த் தீவிலும் முசலியிலும் கிணறுடையோர் அதனை மூடி வைத்தலோ, குடம்பியுண்ணும் சிறு மீன்களை அதில் விடுதலோ செய்தல் வேண்டும்.