திறவுகோலும் வட்டும்
இயங்குதள உரிமக் குறியெண்ணின் வரலாறு

கணினி வாங்கியவர் ஒருவர். அதற்குரிய விலையைக் குறைவறச் செலுத்தியவரும் அவரே. கணினியின் பக்கத்தில் 25 எழுத்துகள் அச்சிட்ட ஒட்டுத்தாள் ஒன்று இருக்கின்றது. இயங்குதளம் பழுதுற்ற நாளில், நண்பரிடமிருந்து விண்டோஸ் எக்ஸ்பி வட்டினை இரவல் பெற்று, ஒட்டுத்தாளில் கண்டவாறே அவ்வெழுத்துகளைப் பதிகின்றார். குறியெண் செல்லாது என்று திரை கூறுகின்றது. குறியெண்ணும் மெய்யானது, வட்டும் மெய்யானது, ஆயினும் ஒன்றை ஒன்று ஏற்பதில்லை. 2001-க்குப் பின்வந்த ஆண்டுகளில் கணினி வைத்திருந்தோர் பலர் கண்ட இடர்ப்பாடு இது. இதன் காரணம் அக்குறியெண் பிறந்து வளர்ந்த வரலாற்றினுள் கிடக்கின்றது.

இதனை ஆங்கிலத்தில் சாவி என்றே வழங்குகின்றனர். சாவி என்பது போர்த்துகீசியரோடு தமிழில் புகுந்த சொல். திறவுகோல் என்பதே தமிழ்ச் சொல். எச்சொல்லால் வழங்கினும் பெயர் முற்றும் பொருந்துவதன்று. கோல் எவர் கையில் இருப்பினும் பூட்டு திறக்கும். இங்கோ உரிமை என்பது விற்போர்க்கும் கொள்வோர்க்கும் இடையே உள்ள ஒப்பந்தம். குறியெண் அதன் அடையாளம். வட்டு மென்பொருளின் ஒரு படி. இம்மூன்றும் ஒன்றே என்று கொண்டதனாலேயே மயக்கம் விளைந்தது.

தொடக்கத்தில் குறியெண் என்பதே இல்லை. 1975-இல் வெளிவந்த ஆல்டேர் 8800 என்னும் சிறு கணினிக்குப் பில் கேட்ஸும் அவர்தம் தோழர் பால் ஆலனும் பேசிக் மொழியை எழுதி அளித்தனர். அது துளையிட்ட காகிதச் சுருளில் விற்கப்பட்டது. சுருளைப் படியெடுத்தல் எளிது. ஆர்வலர்கள் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். 1976 பிப்ரவரி 3-ஆம் நாளிட்டுக் கேட்ஸ் எழுதிய திறந்த மடல், பயன்படுத்துவோருள் பெரும்பாலோர் விலை கொடுத்தவரல்லர் என்று குறைகூறியது. ஆயினும் அம்மடல் மனச்சான்றை நோக்கிய வேண்டுகோளே. அதற்குப் பின்னால் பூட்டு எதுவும் இல்லை. 1981-இல் வந்த எம்.எஸ்.டாஸும் குறியெண் கேட்டதில்லை.

1995 ஆகஸ்டு 24-இல் விண்டோஸ் 95 வெளிவந்தபோது, வட்டின் உறைமேல் 10 இலக்கக் குறியெண் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. முதலில் மூன்று இலக்கம், பின்னர் ஏழு இலக்கம். அவ்வேழு இலக்கங்களையும் கூட்டினால் வரும் தொகை ஏழால் மீதியின்றி வகுபட வேண்டும், அவ்வளவே சோதனை. முதல் மூன்று இலக்கங்களில் 333, 444 முதலிய சில மட்டும் விலக்கப்பட்டிருந்தன. ஏழு ஒன்றுகளைக் கூட்டினால் ஏழு. ஆதலால் பத்து இடங்களிலும் 1 என்று பதிந்தாலே வாயில் திறந்துவிட்டது! தொடக்கப்பள்ளி மாணாக்கன் கரும்பலகையில் செய்துகாட்டத்தக்க கணக்கு இது. எந்தக் குறியெண் எவருக்கு விற்கப்பட்டது என்பதை வட்டு அறியாது. ஒரு குறியெண் எல்லா வட்டுகளுக்கும் பொருந்தும். ஒரு வட்டு எல்லாக் குறியெண்களையும் ஏற்கும்.

எல்லாம் என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. கணினி செய்வோர் கணினியோடு சேர்த்து விற்ற படிக்கு வேறு வகைக் குறியெண் இருந்தது. அதன் நடுவே ஓ.ஈ.எம். என்னும் மூன்றெழுத்து நின்றது. தொடக்கத்திலுள்ள ஐந்து இலக்கம் ஆண்டின் எத்தனையாவது நாள், எந்த ஆண்டு என்பதைக் குறித்தது. கடையில் தனியாக விற்ற படியின் குறியெண் இவ்வட்டில் செல்லாது. இதனது அதில் செல்லாது. வாங்கிய வழி எதுவோ அவ்வழியை வட்டே நினைவில் வைத்திருக்கும் முறை இங்கேதான் வேர்கொண்டது.

1998-இல் விண்டோஸ் 98 வந்தபோது குறியெண் நீண்டது. ஐந்தைந்தாக 25 இடங்கள்; அவற்றில் எழுதப் பயன்பட்டவை 24 குறிகள். ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்துகளும் விலக்கப்பட்டன. 0, 1, 5 என்னும் எண்களும் இல்லை. சுழியத்தை ஓ என்றும், ஒன்றை ஐ என்றும் மயங்காதிருக்க இது துணைசெய்தது. தற்செயலாகத் தகாத சொல் எதுவும் அமைந்துவிடாமையும் ஒரு பயன். மெய்யெழுத்துகளை மட்டும் கோத்த இத்தொடரை வாய்விட்டுப் படிக்க எவராலும் இயலாது. இத்தனை எண்ணிப் பார்த்தவர்கள் பி என்னும் எழுத்தையும் 8 என்னும் எண்ணையும் இரண்டுமே விட்டுவைத்தது வியப்பு. பொடியெழுத்தில் அச்சிட்ட தாளில் இவ்விரண்டையும் பிரித்தறியக் கண்ணாடி அணிந்தவரும் இடர்ப்பட்டனர்.

2001 அக்டோபர் 25-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியே இவ்வரலாற்றின் திருப்பம். அதன் வட்டுகள் தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தன, உள்ளே மூவகையாயின. சில்லறையில் விற்றது ஒன்று. கணினியோடு வந்த ஓ.ஈ.எம். வட்டு ஒன்று, பெரிய நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் மொத்த உரிமத்தில் வழங்கியது மற்றொன்று. வட்டினுள் ஐ386 என்னும் கோப்புறையில் ஒரு சிறு கோப்பு. அதில் ஒரு வரி. அவ்வரியின் கடைசி மூன்று இடங்களே வகையைச் சொல்லின. மொத்த உரிம வட்டில் அது 270, ஓ.ஈ.எம். வட்டில் அம்மூன்றெழுத்தே; சில்லறை வட்டில் வேறோர் எண். பதியும் குறியெண் அவ்வகையைச் சேர்ந்ததன்றேல் வட்டு மறுத்தது. வட்டிலுள்ள இயங்குதளக் கோப்புகளில் இவற்றிடையே பெரும் வேறுபாடு ஒன்றுமில்லை. இல்லப் பதிப்பின் குறியெண் தொழிற்பதிப்பில் செல்லாது என்பதற்காவது காரணம் உண்டு, பொருளே வேறு. ஒரே பதிப்பின் இருவேறு வட்டுகள் ஒன்றின் குறியெண்ணை ஒன்று மறுப்பதற்கு வணிகம் ஒன்றைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஒட்டுத்தாள் ஒட்டிய கணினிக்கு உரியவர் இரவல் வட்டோடு நின்ற இடம் இதுவே. கணினி செய்த பெருநிறுவனங்கள் பல, தனி வட்டு தராமல் வன்தட்டின் ஒரு மூலையில் மீட்புப் படியை மட்டும் வைத்துக் கொடுத்தன. வன்தட்டு கெட்டால் படியும் கெட்டது. எஞ்சியது ஒட்டுத்தாள் ஒன்றே. அத்தகைய நிறுவனங்களின் கணினியில் தொழிற்சாலையில் நிறுவியது ஒட்டுத்தாள் குறியெண்ணைக் கொண்டும் அன்று. கணினியின் பயாஸ் என்னும் அடிநிலை நினைவகத்தில் நிறுவனத்தின் முத்திரையைக் கண்டு, எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒரு குறியெண்ணால் அது இயங்கியது.

எக்ஸ்பியுடன் வந்த மற்றொரு புதுமை செயலாக்கம். நிறுவிய 30 நாளுக்குள் இணையத்தாலோ தொலைபேசியாலோ மைக்ரோசாப்டுக்குத் தெரிவித்தல் வேண்டும். கணினியின் உறுப்புகளைக் கொண்டு 50 இலக்க எண் ஒன்று திரையில் தோன்றும். அதனைத் தொலைபேசியில் ஒப்பித்தால் 42 இலக்க மறுமொழி கிடைக்கும். வட்டிடமிருந்த சோதனை இவ்வாறு நிறுவனத்தின் பதிவேட்டிற்குச் சென்றது. மொத்த உரிமத்திற்கு மட்டும் இக்கடமை இல்லை. விளைவு எதிர்பார்த்ததே: ஒரு நிறுவனத்திற்கு அளித்த மொத்த உரிமக் குறியெண் ஒன்று, எக்ஸ்பி கடைக்கு வருமுன்னரே வெளியில் கசிந்து உலகைச் சுற்றியது. 2002-இல் வந்த முதல் திருத்தத் தொகுப்பு அக்குறியெண்ணை ஏற்க மறுத்தது. 2005 தொடக்கத்தில், பெரிய கணினி நிறுவனங்களின் ஒட்டுத்தாள் குறியெண்களை இணையத்தில் செயலாக்கும் வழியும் அடைபட்டது. அவர்கள் தொலைபேசியில் காரணம் கூறவேண்டியவராயினர். விலை கொடாதவர் எளிதில் நுழைந்ததும், விலை கொடுத்தவர் விளக்கம் கூறி நின்றதும் ஒரே காலத்து நிகழ்ச்சிகள்.

சட்டம் இதனை வேறு கண்ணால் நோக்கியது. ஓ.ஈ.எம். படியைக் கணினியின்றித் தனியே விற்றது பற்றிய வழக்கில், செருமனியின் உச்சநீதிமன்றம் 2000 சூலை 6-இல் தீர்ப்பளித்தது. உரியவர் இசைவோடு சந்தைக்கு வந்துவிட்ட படியின் மறுவிற்பனையைத் தடுக்க இயலாது என்பது அதன் சாரம். 2012 சூலை 3-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஆரக்கிள் நிறுவனத்திற்கும் யூஸ்டுசாப்ட் என்பாருக்கும் இடையிலான வழக்கில், இணையத்தில் இறக்கிய படிக்கும் இந்நெறியை விரித்தது. தீர்ப்புகள் ஒப்பந்தத்தைப் பற்றியவை. வட்டினுள் இருந்த அச்சிறு வரியைப் பற்றியவை அல்ல.

பின்னர் வட்டு தன் வேறுபாட்டை மெல்ல இழந்தது. 2007-இல் பொதுவிற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் பல பதிப்புகள் ஒரே வட்டில் அடங்கின. எதனை நிறுவுவது என்பதைக் குறியெண் முடிவுசெய்தது. மொத்த உரிமத்தாரும் இப்பொழுது செயலாக்கத்திற்கு உட்பட்டனர். 2009-இல் வந்த விண்டோஸ் 7 வட்டில் பதிப்பைக் குறிக்கும் சிறு கோப்பு ஒன்று இருந்தது. அதனை நீக்கினால் எல்லாப் பதிப்புகளும் தோன்றின. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது, புதுக் கணினிகளில் குறியெண் ஒட்டுத்தாளை விட்டுத் தாய்ப்பலகையின் நினைவகத்தில் குடியேறியது. உரியவர் அதனைக் கண்ணால் காணவேண்டிய தேவை ஒழிந்தது. மடிக்கணினியின் அடியில் உராய்ந்து அழியும் எழுத்துகளைப் பற்றிய கவலையும் ஒழிந்தது. ஆயினும் பழைய பிணக்கு மீண்டும் ஒருமுறை தலைகாட்டியது. 2013-இல் விண்டோஸ் 8.1 வந்தபோது, விண்டோஸ் 8 வாங்கியவரின் குறியெண்ணை 8.1 வட்டு நேரே ஏற்கவில்லை, 8.1-க்கு மாறும் உரிமையோ அவருக்கு இலவசமாகவே அளிக்கப்பட்டிருந்தது!

2015 சூலை 29-இல் வந்த விண்டோஸ் 10 இப்பிணக்கைத் தீர்த்தது. அவ்வாண்டு நவம்பர்த் திருத்தம் முதல் விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றின் குறியெண்ணைப் பதிந்தே விண்டோஸ் 10-ஐச் செயலாக்க முடிந்தது. இலவச மாற்றத்திற்கு அறிவித்த காலம் 2016 சூலை 29-இல் முடிந்தபின்னும் அவ்வழி அடைபடாமலே கிடந்தது. 2009-இல் அச்சிட்ட ஒட்டுத்தாள், தான் கண்டறியாத இயங்குதளத்தையும் திறந்துகொண்டிருந்தது. 2023 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் அவ்வழியை அடைத்ததாக அறிவித்தது. முன்னரே மாறிய கணினிகளின் உரிமம் நிறுவனத்தின் பதிவேட்டில் அவ்வவ் கணினியின் பெயரில் நிலைத்தது; எஞ்சிய ஒட்டுத்தாள்கள் தத்தம் பழைய பதிப்புக்கு மட்டுமே உரியவாயின.