வேடந்தாங்கல்காரர்கள் கேட்டு வாங்கிய காகிதம்

இன்று பிப்ரவரி 2, உலக ஈரநில நாள். 1971-இல் இதே தேதியில்தான் ஈரானில் உள்ள ராம்சார் நகரில் ஈரநிலங்களுக்கான உடன்படிக்கை கையெழுத்தானது. இன்று பல பள்ளிகளில் ஓவியப் போட்டி, ஊர்வலம், உறுதிமொழி எல்லாம் நடந்திருக்கும். பணியில் இருந்தபோது நானும் நடத்தியிருக்கிறேன். பேருந்து பிடித்துப் பிள்ளைகளை வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போனதும் உண்டு.

ஒருமுறை ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், இவ்ளோ பறவை இருக்கே, ஊர்க்காரங்க ஏன் பிடிச்சுத் திங்கல?" "சரணாலயம்மா, பிடிச்சா சட்டப்படி குற்றம்" என்றேன். வரலாற்று ஆசிரியன் சொல்லியிருக்கக் கூடாத பதில் அது.

அரசு அந்த ஏரியைச் சரணாலயமாக ஏற்றது 1936-இல்தான். அதற்கு 138 ஆண்டுகளுக்கு முன்பே, 1798-இல், செங்கல்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேஸிடம் ஊரார் முறையிட்டார்கள். ஆங்கிலேயச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுடுகிறார்கள் என்பது புகார். பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்குத் தந்து அவர் எழுதிக்கொடுத்த பத்திரத்துக்குக் கவுல் என்று பெயர். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதையில் குடையோடு கரைக்குப் போகிறாரே, அதே பிளேஸ் துரைதான்! நாம் அவர் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம். கேட்டுப் போனவர்கள் பெயர் நமக்குத் தெரியாது.

ஏன் கேட்டார்கள்? தாங்கல் என்றாலே பாசனத்துக்கான சிறிய ஏரி. தண்ணீருக்குள்ளேயே நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் அரிவாள்மூக்கனும் கூடு கட்டுகின்றன. எச்சமெல்லாம் ஏரியில் விழுகிறது. அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாய்ந்தால் நெல்லுக்குத் தனியாக எரு தேவையில்லை என்பது அவ்வூர் விவசாயிகளின் அனுபவம். பறவை போனால் விளைச்சல் போகும். கருணையும் இருந்திருக்கும், கணக்கும் இருந்தது. தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருக்கும் ஊர் அது. அதைவிடப் பெரிய ஈரநில விழா எனக்குத் தெரிந்து இல்லை.

1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என அறிவிக்கப்பட்டது. 2020-இல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்க ஒரு யோசனை வந்து, கடும் எதிர்ப்பு எழுந்ததும் நினைவிருக்கும். 2022-இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது காட்சிக் கோபுரத்தோடு திரும்பிவிடாதீர்கள். மதகுப் பக்கம் போய், கீழே வயலில் நிற்கும் பெரியவர் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசவிடுங்கள்.

அன்று கேள்வி கேட்ட அந்தப் பெண் இந்தப் பக்கத்தைப் படிக்கிறாளா, தெரியவில்லை. படித்தால், அம்மா, உன் கேள்விக்கான பதில் இதுதான். கொஞ்சம் தாமதமாகிவிட்டது.