செடிக்குப் பெயர் உண்டு, பறித்தவருக்கு?



இலத்தூரில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரிகிறது. அந்த மலைத்தொடரின் செடிகள் எடின்பரோவிலும் கியூவிலும் தாள்களில் ஒட்டப்பட்டு இன்றும் இருக்கின்றன. அவை அங்கே போய்ச் சேர்ந்த கதையை இந்த நினைவு நாளில் பேச நினைக்கிறோம். மறைந்தவரை நினைக்கும் நாளில் பெயர் மறைந்தவர்களையும் நினைக்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய மருத்துவர்களும் அதிகாரிகளும் இந்நாட்டின் இயற்கையைப் பட்டியலிடச் சங்கங்களில் கூடினார்கள். சென்னையில் 1812இல் தோன்றிய இலக்கியச் சங்கம் அத்தகையது. அதன் ஆதரவில் 1833 முதல் ஓர் இதழ் வந்தது. கம்பெனி மருத்துவர் இராபர்ட் வைட் (1796–1872) பாளையங்கோட்டையில் பணியாற்றியபோது குற்றாலத்தில் செடிகள் சேகரித்தார். அவற்றைப் பற்றி அந்த இதழில் எழுதினார். பின்னர் 1838 முதல் 1853 வரை, 2,101 படங்களை ஆறு தொகுதிகளில் வெளியிட்டார். அந்த உழைப்பை நாம் சிறுமைப்படுத்தவில்லை. இன்றும் தாவரவியலாளர்கள் அதைப் புரட்டுகிறார்கள்.

ஆனால் அது ஒருவர் உழைப்பா? பூவும் காயுமாகக் கிளையை வெட்ட வேண்டும். தாள்களுக்கிடையே அழுத்த வேண்டும். சாரல் காலத்தில் ஈரத்தாளை மாற்றிக்கொண்டே இருக்காவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். இதற்கெல்லாம் கூலிக்கு ஆட்கள் இருந்தார்கள். தாள்களில் பெரும்பாலும் நிற்பது வைட் பெயர் மட்டுமே. படம் வரைந்த ரங்கையா, கோவிந்து பெயர்கள் அச்சில் வந்தன. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் ‘கோவிந்தூயியா’ என்றே வைட் பெயரிட்டார். பிற்கால வகைப்பாட்டில் அதுவும் வேறு பெயருக்குள் அடங்கிவிட்டது. குற்றாலத்தின் பெயரும் செடிகளுக்கு வைக்கப்பட்டது. மலையேறியவர் பெயர்தான் இல்லை.

அந்தக் கூலிகள் எல்லோரும் நம்மவர்கள் என்று உரிமை கொண்டாட நாம் வரவில்லை. எழுதியவருக்கு அறிவு, சுமந்தவருக்குக் கூலி என்ற பிரிவினையைத்தான் கேள்வி கேட்கிறோம். சாதி நமக்கு நெடுங்காலமாகக் கற்பித்த பிரிவினையும் அதுதானே! பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) சித்த மருத்துவர். மூலிகை அறிந்தவர், 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கித் தாமே எழுதினார். அறிந்தவரே எழுதுபவராகவும் ஆனதுதான் அவர் செய்த உடைப்பு.

இப்போது நம்மைப் பார்ப்போம். வரப்பில் களையெடுக்கும் நம் அம்மாக்களும் அத்தைகளும் பொடுதலையையும் கரிசலாங்கண்ணியையும் பார்த்ததும் சொல்வார்கள். எதற்கு மருந்து, எந்த மாதம் பறிக்கலாம் என்பதையும் சொல்வார்கள். சமூகவியல் படித்த நாமோ ஆய்வேட்டில் அவர்களைத் ‘தகவலாளி 1’ என்று எழுதிவிட்டு, அட்டையில் நம் பெயரைப் போட்டுக்கொள்கிறோம். வைட்டிடம் கேட்கும் கேள்வியை நம்மிடமும் கேட்டாக வேண்டும்.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நோட்டு வாங்குங்கள். செடியின் பெயர், ஊர், மாதம் எழுதுங்கள். சொன்னவரிடம் பெயர் போடலாமா என்று கேளுங்கள். சம்மதித்தால் அவர் பெயரை முதலில் எழுதுங்கள். உங்கள் பெயர் கடைசியில் வரட்டும்.