கார் ஷெட்டுக்கு கரன்ட் இழுக்கிறீங்களா? எர்த் விஷயத்தில் இதையெல்லாம் கவனிங்க!

நெய்வேலி நகரியத்தில் எந்த வட்டத்துக்குள் நுழைந்தாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வீட்டைச் சுற்றி மா, பலா, முருங்கை. கொஞ்சம் தள்ளி ஒரு தகர ஷெட். முன்பு அதில் ஒரு ஸ்கூட்டர் நிற்கும், ஒரு பல்பு எரியும். இப்போது கார், பிரஷர் வாஷர், டிரில்லிங் மெஷின், எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜர் என்று ஷெட்டே குட்டி வொர்க்‌ஷாப். அதனால் வீட்டு மெயினிலிருந்து லைன் இழுத்து, ஷெட்டுக்குத் தனியாக ஒரு டி.பி பாக்ஸ் வைக்கிறோம்.

1962-லிருந்து மின்சாரம் தயாரிக்கும் ஊர் இது. ஆனாலும், `ஷெட்டில் எர்த் இருக்கா?' என்று கேட்டால், `லைட் எரியுது, சார்ஜ் ஏறுது, வேறென்ன வேணும்?' என்பதுதான் பலரின் பதில். லைட் எரிய எர்த் தேவையில்லை. ஆள் பிழைக்கத்தான் தேவை. ஈரத் தரை, வெறுங்கால், தகரச் சுவர் எல்லாம் ஒன்றுசேரும் இடம் ஷெட். லீக்கேஜ் ஆனால் வீட்டுக்குள் இருப்பதைவிட இங்கே ஆபத்து அதிகம்.

மூணு வயர் வேணும்

ஃபேஸ், நியூட்ரல் இரண்டை மட்டும் இழுத்துவிட்டு, `எர்த்தை அங்கேயே பார்த்துக்கலாம்' என்று விடக் கூடாது. வீட்டு எர்த்திலிருந்து பச்சை வயரும் கூடவே வர வேண்டும். பாக்ஸின் மெட்டல் பாடி, பிளக் பாயின்ட்கள், தகரச் சுவர், இரும்புத் தூண் எல்லாவற்றையும் அந்த எர்த்தோடு இணைக்க வேண்டும். அப்போதுதான் ஒரு கை மெஷினிலும் இன்னொரு கை தூணிலும் இருந்தாலும், இரண்டுக்கும் நடுவே பெரிய வோல்டேஜ் வித்தியாசம் வராது.

நியூட்ரலோடு எர்த்தைச் சேர்க்காதீங்க

`ரெண்டும் கடைசியில பூமிக்குத்தானே போகுது' என்று ஷெட் பாக்ஸில் இரண்டையும் முறுக்கிவிடுபவர்கள் உண்டு. இது பெரிய தப்பு. நியூட்ரல் பூமியோடு சேர வேண்டிய இடம் டிரான்ஸ்ஃபார்மர். ஷெட்டில் சேர்த்தால், நியூட்ரலில் போக வேண்டிய கரன்ட் எர்த் வயரிலும் ஓடும், ஆர்.சி.சி.பி அடிக்கடி விழும். `தொல்லையா இருக்கு' என்று அதைக் கழற்றிவிட்டு, எர்த் வயரும் சரியாக இல்லாத நிலையில் ஒருநாள் நியூட்ரல் அறுந்தால், பாக்ஸும் மெஷின் பாடியும் அப்படியே லைவ் ஆகிவிடும்.

ராடு அடிச்சா போதுமா?

போதாது. கணக்கைப் பாருங்கள். எர்த் பாதையின் ரெசிஸ்டன்ஸ் மொத்தம் 10 ஓம் என்றால், 230 வோல்ட்டில் 23 ஆம்பியர்தான் ஓடும். 32 ஆம்பியர் எம்.சி.பி அதற்கு அசையவே அசையாது. மே மாத வெயிலில் செம்மண் காய்ந்து 50 ஓம் ஆனால், 5 ஆம்பியர்கூட ஓடாது. பாடி லைவ்வாகவே இருக்கும்.

அதனால் ஷெட் லைன் வீட்டு டி.பி-யிலிருந்து கிளம்பும் இடத்திலேயே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி கட்டாயம். ஷெட் அருகே கூடுதலாக ராடு அடிப்பது நல்லதுதான். ஆனால், அதுவும் வீட்டு எர்த்தோடு சேர்ந்திருக்க வேண்டும். சுவரிலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் தள்ளி அடியுங்கள். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள்.

மேலேயா, கீழேயா?

2011 டிசம்பர் 30-ம் தேதி கரை கடந்த தானே புயல், நெய்வேலியில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மரத்துக்கு மரம் தொங்கவிட்ட வயர் வேண்டாம். ஆர்மர்டு கேபிளை 75 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து, அதன் ஆர்மரையும் எர்த் செய்யுங்கள்.

மாசம் ஒருமுறை

ஆர்.சி.சி.பி-யின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். ஆனால், அந்தப் பட்டன் ஆர்.சி.சி.பி-யை மட்டும்தான் சோதிக்கும். எர்த் அறுந்திருந்தாலும் விழும். எனவே, வருஷத்துக்கு ஒருமுறை எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த் டெஸ்டரில் அளக்கச் சொல்லுங்கள். பிளக்கில் மூணாவது பின் உடைந்த மெஷினை, அதை மாற்றும்வரை தொடாதீர்கள்.

குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் தாங்களாகவே லைன் இழுக்காமல், நகர நிர்வாகத்தின் அனுமதி வாங்கி, லைசென்ஸ் உள்ளவரை வைத்தே செய்யுங்கள். வேலை முடிந்ததும், `லைட் எரியுதா?' என்று கேட்பதற்கு முன், `எர்த் எத்தனை ஓம் காட்டுது?' என்று கேளுங்கள்.