சந்தேகம் எங்கே பிறக்கிறது? கானோ நகரம் தரும் படிப்பினை



‘அரசாங்கம் எதையோ மறைக்கிறது, பெரிய இடத்து மனிதர்கள் கூடி நமக்கு எதிராகச் சதி செய்கிறார்கள்’ என்ற பேச்சைத் தேநீர்க் கடைகளிலும் திருமண வீடுகளிலும் நாம் அன்றாடம் கேட்கிறோம். இப்படிப் பேசுவோரை ‘அறியாத மக்கள்’ என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவோர் உண்டு. அந்தப் பேச்சை அப்படியே ஏற்றுப் பத்துப் பேருக்குப் பரப்புவோரும் உண்டு. ஆனால் இரு சாராருமே ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. மக்களின் உள்ளத்தில் இந்தச் சந்தேகம் முதன்முதலில் எங்கே பிறந்தது?

இதற்கு விடை காண, அண்மைக்கால வரலாற்றிலிருந்து ஒரு நகரத்தின் கதையைப் பார்ப்போம். அந்த நகரத்தின் மக்கள் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள். பாதிக்கப்பட்டவர்களோ பச்சிளம் குழந்தைகள்.

மூளைக்காய்ச்சல் பரவிய ஆண்டு

நைஜீரியாவின் வட பகுதியில் உள்ள கானோ பழம்பெரும் வணிக நகரம். சஹாரா பாலைவனத்தைக் கடந்து வந்த வணிகக் கூட்டங்கள் தங்கிச் சென்ற ஊர். பதினைந்தாம் நூற்றாண்டில் அதனை ஆண்ட முஹம்மது ரும்ஃபா என்ற மன்னருக்காக, மக்ரிப் நாட்டு அறிஞர் அல்மகீலி மன்னர்களின் கடமைகளைப் பற்றித் தனி நூலே எழுதிக் கொடுத்தார். ஆட்சி என்பது அமானிதம் என்ற பாடம் அந்த ஊருக்குப் புதிதன்று.

1996ஆம் ஆண்டு அந்தப் பகுதியில் மூளைக்காய்ச்சல் கொள்ளை நோயாகப் பரவியது. ஹஜ்ஜுக்குச் செல்வோர் தடுப்பூசி போட்டுக்கொள்கிறார்களே, அதே நோய்தான். நைஜீரியாவில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோரை அது பீடித்தது. 11,000க்கும் மேற்பட்டோர் மரணித்தனர். கானோவின் தொற்றுநோய் மருத்துவமனையில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் மக்களுக்கு இலவசமாகச் சிகிச்சை அளித்து வந்தனர்.

அதே மருத்துவமனைக்கு அமெரிக்காவின் ஃபைசர் மருந்து நிறுவனத்தின் குழு ஒன்று வந்தது. ட்ரோவன் என்ற தன் புதிய மருந்தைச் சோதிப்பது அதன் நோக்கம். நோயுற்ற குழந்தைகளில் ஏறத்தாழ 100 பேருக்கு ட்ரோவனும், 100 பேருக்கு ஏற்கெனவே வழக்கிலிருந்த வேறொரு மருந்தும் கொடுக்கப்பட்டன. முதல் பிரிவில் 5 பேரும் இரண்டாம் பிரிவில் 6 பேருமாக 11 குழந்தைகள் இறந்தனர். செவித்திறன் இழந்தவர்கள், உடல் முடங்கியவர்கள் எனப் பலரைப் பற்றியும் பிற்காலத்தில் பெற்றோர் முறையிட்டனர். ‘இது சோதனை என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை’ என்றனர் அவர்கள். ‘வாய்மொழியாகச் சம்மதம் பெற்றோம், மரணங்களுக்கு நோயே காரணம்’ என்றது நிறுவனம்.

2000ஆம் ஆண்டின் இறுதியில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் இதனை வெளிக்கொணர்ந்தது. சோதனைக்கு மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதி அளித்ததாகக் காட்டப்பட்ட கடிதம், பிற்பாடு எழுதப்பட்டு முன்தேதி இடப்பட்டது என்பதும் தெரியவந்தது. நைஜீரிய அரசு விசாரணைக் குழு அமைத்தது. அக்குழு 2001இல் தன் அறிக்கையை முடித்தது. அந்தச் சோதனை சட்டத்திற்குப் புறம்பானது என்று அதில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அரசு அதனை மக்கள் முன் வைக்கவில்லை. 2006இல் அதே நாளிதழ் வெளியிட்ட பிறகுதான் உலகம் அதை அறிந்தது. 2009இல், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, 7.5 கோடி டாலர் தர நிறுவனம் கானோ மாநிலத்துடன் உடன்பாடு செய்துகொண்டது. முதல் 4 குடும்பங்களின் கைக்குப் பணம் வந்து சேர்ந்தது 2011இல்! குழந்தைகளை இழந்து 15 ஆண்டுகள் கடந்த பின்.

வாசகர்களே, ஆண்டுகளைக் கவனத்தில் கொள்ளுங்கள். செய்தி வெளியானது 2000இல். அறிக்கை வெளியானது 2006இல். இடைப்பட்ட ஆண்டுகளில் கானோ மக்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: ‘நம் பிள்ளைகளுக்கு ஏதோ நடந்திருக்கிறது, நம் அரசு வாய் திறக்கவில்லை.’ அந்த மௌனத்தில்தான் வதந்தி வளர்ந்தது.

சொட்டு மருந்தின் மீது விழுந்த பழி

2003இல் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் பணியாளர்கள் வீடு வீடாக வந்தனர். அப்போது எழுந்த பேச்சு இது: ‘இந்த மருந்தில் கருத்தரிப்பைத் தடுக்கும் பொருளும் எய்ட்ஸ் கிருமியும் கலந்திருக்கின்றன, முஸ்லிம்களின் எண்ணிக்கையைக் குறைக்க மேலை நாடுகள் செய்யும் சதி.’ இதைச் சொன்னவர்களில் படித்தவர்களும் இருந்தனர். நைஜீரியாவின் ஷரீஅத் உச்ச கவுன்சிலின் அன்றைய தலைவரும் எதிர்ப்புக் குரல் கொடுத்தார். அவர் தொழிலால் மருத்துவர். கானோ, கடுனா, ஸம்ஃபாரா முதலிய மாநிலங்களில் சொட்டு மருந்துப் பணி நிறுத்தப்பட்டது. மற்ற மாநிலங்கள் பின்னர் இணங்கிய போதும் கானோ 2004 ஜூலை வரை இணங்கவில்லை.

அம்மக்களின் நெஞ்சில் நின்று பார்த்தால் இந்தச் சந்தேகத்தின் வேர்கள் தெரியும். ட்ரோவன் சோதனையின் காயம் ஆறவில்லை. ஒரு தாய்க்கு நான்கு குழந்தைகள் என்ற 1988ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கொள்கை நினைவில் இருந்தது. ஆஃப்கானிஸ்தான் மீதும் இராக் மீதும் நடந்த போர்கள் கண் முன்னே இருந்தன. இவை எல்லாவற்றையும் விட, ஓர் ஏழைத் தாயின் எளிய கேள்வி இருந்தது: ‘மலேரியாவுக்கு மாத்திரை கேட்டால் இல்லை என்கிறார்கள். தட்டம்மையில் பிள்ளை சாகும்போது எவரும் வரவில்லை. கேட்காத மருந்தை மட்டும் ஏன் வாசல் தேடி வந்து இலவசமாகத் தருகிறார்கள்?’

இது மூடத்தனமான கேள்வி அல்ல, நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை தேடாமல், ஊகத்தையே விடையாக எடுத்துக்கொண்டதுதான் தவறு. ஒரு நிறுவனம் ஓர் ஆண்டில் ஒரு மருத்துவமனையில் செய்த செயலிலிருந்து, ‘வெளியிலிருந்து வரும் எந்த மருந்தும் நஞ்சு’ என்ற முடிவுக்குத் தாவிவிட்டார்கள். ட்ரோவன் விவகாரத்தில் ஆவணம் இருந்தது, தேதி இருந்தது, சாட்சி சொல்லப் பெற்றோர் இருந்தனர். சொட்டு மருந்து பற்றிய குற்றச்சாட்டுக்கு அப்படி எந்த ஆதாரமும் இருக்கவில்லை.

விலை கொடுத்தவர்கள் யார்?

போலியோ அசுத்தமான நீர் வழியாகவும் கைகள் வழியாகவும் பரவும் கிருமி. தொற்றியவர்களில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே கை கால் முடங்கும். மற்றவர்கள் அறியாமலே கிருமியைச் சுமந்து செல்வார்கள். முடங்கிய கால்களை மீட்டுத் தர இன்று வரை மருந்து இல்லை.

நைஜீரியாவில் 2002இல் போலியோவால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் 202 பேர். 2003இல் 355. 2004இல் 782. 2006இல் 1,100ஐயும் தாண்டியது. சதி செய்ததாகச் சொல்லப்பட்ட நாடுகளின் குழந்தைகளா இவர்கள்? இல்லை. தொழுகையாளிகளின் வீட்டுக் குழந்தைகள்!

கிருமி அங்கேயே நின்றுவிடவும் இல்லை. நைஜீரியாவிலிருந்து புறப்பட்ட அது, போலியோவை ஒழித்துவிட்டிருந்த ஏறத்தாழ 20 நாடுகளுக்குள் மீண்டும் புகுந்தது. 2005இல் யமன் நாட்டில் 400க்கும் மேற்பட்ட குழந்தைகளை முடக்கியது. பத்தாண்டுகளாக நோய் இல்லாதிருந்த இந்தோனேசியாவில் ஏறத்தாழ 300 குழந்தைகளை முடக்கியது.

கானோவின் பிடிவாதம் எப்படித் தளர்ந்தது என்பதையும் அறிய வேண்டும். மார்க்கத் தலைவர்களும் மருத்துவர்களும் அடங்கிய குழுக்கள் வெளிநாடுகளுக்குச் சென்று மருந்தைச் சோதிக்கச் செய்தன. முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் தயாரான மருந்து தருவிக்கப்பட்டது. ஆளுநர் இப்ராஹீம் ஷெகராவின் மகளுக்கு மக்கள் முன்னிலையில் சொட்டு மருந்து புகட்டப்பட்டது. அப்போதுதான் கதவுகள் திறந்தன. மருந்து தந்து உதவிய அதே இந்தோனேசியாவுக்கு, மறு ஆண்டே கானோவின் பக்கத்திலிருந்து நோய் போய்ச் சேர்ந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

நம் நாட்டிலும் இதே பாடம்

இது எங்கோ ஆப்பிரிக்காவில் நடந்தது என்று நாம் கடந்துவிட முடியாது. 2002இல் இந்தியாவில் 1,600 குழந்தைகளைப் போலியோ தாக்கியது. அவர்களில் 1,200க்கும் மேற்பட்டோர் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள். அம்மாநிலத்தில் பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேலானோர் முஸ்லிம் குழந்தைகள். அங்கும் ‘கருத்தடை மருந்து’ என்ற அதே வதந்தி உலவியது.

அதற்கும் ஒரு வேர் உண்டு. நெருக்கடி நிலையின்போது, 1976-77ஆம் ஆண்டில் மட்டும் 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. பல இடங்களில் கட்டாயப்படுத்தியே செய்தார்கள். முசாஃபர்நகரில் எதிர்த்து நின்றவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்ததால் உண்மை அச்சேறவில்லை. தந்தையின் உடலில் அரசு இட்ட வடுவை மகன் மறக்கவில்லை. தன் பிள்ளைக்கு அதே அரசு மருந்து நீட்டியபோது கையைத் தட்டிவிட்டான்.

இங்கும் அந்தப் பகைமையைக் கரைத்தவர்கள் மக்களின் நம்பிக்கைக்கு உரியவர்களே. உலமாக்கள் பள்ளிவாசல்களிலிருந்து வேண்டுகோள் விடுத்தனர். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமிஆ மில்லியா, ஜாமிஆ ஹம்தர்த் ஆகியவை களத்தில் துணை நின்றன. 2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் இயல்பான போலியோ கிருமியால் ஒரு குழந்தையும் முடங்கவில்லை.

ஆட்சியாளர்கள் பாடம் கற்றார்களா? 2011இல் பாகிஸ்தானின் அபோட்டாபாத் நகரில் உஸாமா பின் லாதினைத் தேடிய அமெரிக்க உளவுத்துறை, ஒரு மருத்துவரைக் கொண்டு தடுப்பூசி முகாம் என்ற போர்வையில் உளவு பார்த்தது. 2012 டிசம்பரில் கராச்சியிலும் பெஷாவரிலும் சொட்டு மருந்துப் பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் பலர் பெண்கள். இனித் தடுப்பூசிப் பணியை உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று அமெரிக்கா அறிவித்தது 2014இல். கொலைக்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் மருந்துப் பெட்டிக்குள் உளவை ஒளித்தவர்களும் அந்த மக்களின் நம்பிக்கையைக் கொன்றார்கள்.

நம் கடமை என்ன?

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாவது வசனத்தை நாம் பலமுறை ஓதியிருக்கிறோம். நம்பத் தகாதவன் செய்தி கொண்டு வந்தால் தீர விசாரிக்கும்படியும், அறியாமல் பிறருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தும் நிலைக்கு ஆளாகாதிருக்கும்படியும் அது நமக்குக் கட்டளையிடுகிறது. சிந்தித்துப் பாருங்கள்: அந்தச் செய்தியைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கச் சொல்லவில்லை, கேட்காமலே தள்ளிவிடவும் சொல்லவில்லை. விசாரிக்கச் சொல்கிறது. ஆகவே ஓர் அரசு முன்பு பொய் சொல்லியிருக்கிறது என்பதற்காக, அது இன்று சொல்வதெல்லாம் பொய் என்று முடிவு கட்டுவது விசாரணை ஆகாது. அரசின் மீது குறை சொல்பவர் என்பதற்காக ஒருவர் சொல்வதெல்லாம் மெய்யாகிவிடவும் முடியாது.

நியாயமான கேள்விக்கும் சதிப் பேச்சுக்கும் வேறுபாடு காண ஒரு வழி உண்டு. நியாயமாகக் கேட்பவன் பதில் கிடைத்தால் அமைதி அடைவான். சதிப் பேச்சில் ஊறியவனிடம் பதில் சொன்னால், ‘பார்த்தாயா, இவனும் அவர்களுடைய ஆள்’ என்பான். மருந்து வராவிட்டால் புறக்கணிப்பு என்பான். வந்தால் நஞ்சு என்பான். எந்த ஆதாரத்தாலும் மாறாத முடிவு ஆராய்ச்சியால் வந்த முடிவாக இருக்க முடியாது.

ஆட்சியாளர்களுக்கும் கடமை உண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றபோது, ‘எல்லாருக்கும் ஒரு துணி கிடைத்திருக்க, உங்களுக்கு மட்டும் இவ்வளவு பெரிய ஆடை எப்படி வந்தது?’ என்று சபையில் ஒருவர் கேட்டதாக வரலாற்றில் சொல்லப்படும் நிகழ்ச்சியை நாம் அறிவோம். உமர் (ரலி) கோபப்படவில்லை. தம் மகனை அழைத்துக் கணக்குச் சொல்ல வைத்தார்கள். மகன் தம் பங்கையும் தந்தைக்குக் கொடுத்திருந்தது தெரிந்ததும், கேட்டவர் அமர்ந்தார். கேள்வி அன்றே தீர்ந்தது. கானோவின் அறிக்கை 2001இலேயே மக்கள் முன் வைக்கப்பட்டிருந்தால் வதந்திக்கு இவ்வளவு இடம் கிடைத்திருக்குமா?

அன்பிற்குரிய பெற்றோர்களே! 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நம் தமிழகத்தில் நடந்தபோதும் வாட்ஸ்அப் வழியாக வதந்திகள் பறந்தன. பல பெற்றோர் பிள்ளைகளை அன்று பள்ளிக்கூடத்திற்கே அனுப்பவில்லை. இனியும் இத்தகைய செய்திகள் வரும். வரும்போது மூன்று காரியங்களைச் செய்யுங்கள். சொல்பவர் யார், எங்கே, எப்போது நடந்தது என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த, அத்துறை படித்த ஒரு மருத்துவரிடம் நேரில் சென்று தயக்கமின்றிக் கேளுங்கள். விடை தெரியும் வரை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை.

ஜமாஅத் நிர்வாகிகளும் மஹல்லாவின் மருத்துவர்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் அழைத்து, தாய்மார்களின் ஐயங்களுக்குப் பொறுமையுடன் பதில் சொல்லச் செய்யலாம். அநீதி நடந்தால் ஆவணத்தோடும் சாட்சியோடும் கேட்போம். கானோவின் பெற்றோர் நீதிமன்றப் படியேறிக் கேட்டபோதுதான் கொஞ்சமேனும் நியாயம் கிடைத்தது. அவர்கள் சொட்டு மருந்தை மறுத்தபோது அந்த நிறுவனத்துக்கு ஒன்றும் நேரவில்லை. முடங்கியவை தங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கால்களே.

எல்லாம் வல்ல அல்லாஹ், உண்மையை உண்மையாகக் கண்டு பின்பற்றவும், பொய்யைப் பொய்யாகக் கண்டு விலகவும் நமக்கு அருள்புரிவானாக! நம்மை ஆள்வோரின் உள்ளங்களில் அமானிதத்தின் அச்சத்தை ஏற்படுத்துவானாக! நம் குழந்தைகளை நோயிலிருந்தும் பெரியவர்களின் தவறுகளிலிருந்தும் காப்பானாக! ஆமீன்.